சுமதிக்கு: பொடி, புளிக்காய்ச்சல், அந்த மெஷின்

அன்புள்ள சுமதி,

உன் கடிதமும் படங்களும் வந்தன. கவரிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டுகிற அந்த வேக்யூம் மெஷினுக்குள் இட்லிப் பொடி போய், பம்ப் இருமி, அடுப்படி மேடை முழுக்கச் சிவந்து கிடந்த படத்தை அவரிடம் காட்டினேன், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் உன் பையனுக்கு ஜெர்மனியில் மேக்டபர்க்கில் படிக்க இடம் கிடைத்திருப்பதைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதைத்தானே முதல் வரியில் எழுத வேண்டும்? சந்தோஷம்டி. அவனிடம் சொல், அத்தை வாழ்த்தினாள் என்று.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். விலை கூடின மெஷின் வாங்கினாலும் பொடி பறக்கத்தான் செய்யும், ஏனென்றால் இந்த வேலையில் சிந்துவதும் சிந்தாததும் மெஷினுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. கவரின் மேல்பக்கம் நாலு விரல் அகலம் இருக்கிறதே, அங்கே ஒரு துளி எண்ணெயோ ஒரு சிட்டிகைப் பொடியோ படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கவர் ஒரே தாள் மாதிரித் தெரிந்தாலும் அடுக்கடுக்கானது. வெளியே நைலான், அது காற்றை உள்ளே விடாமல் தடுக்கும். உள்ளே பாலிதீன், அதுதான் சூட்டில் உருகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் இரண்டு பக்கமும் உருகும், ஆனால் ஒட்டாது. பார்க்க ஒட்டின மாதிரியே இருந்து, இரண்டு நாள் கழித்துக் கவர் தொளதொளவென்று காற்று வாங்கி நிற்கும். நீ எழுதியிருந்த அந்த மாங்காய்த் தொக்கு கவருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் நிரப்பும் முன்பே கவரின் வாயை வெளிப்பக்கமாக நாலு விரல் அளவுக்கு மடித்து விடு, முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிடுகிற மாதிரி. அப்புறம் அதை ஒரு தூக்குவாளிக்குள்ளோ டிபன் கேரியர் அடுக்குக்குள்ளோ நிற்க வைத்து, மடித்த பகுதியைப் பாத்திரத்தின் விளிம்பில் கவிழ்த்துவிடு. இனி இரண்டு கையும் உனக்குச் சும்மா இருக்கும், யாரையும் 'கொஞ்சம் பிடிங்க' என்று கூப்பிட வேண்டாம், கூப்பிட்டாலும் அவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் பிடிப்பார்கள். பாத்திரம் எது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 20 சென்டிமீட்டர் அகலக் கவரை விரித்தால் வாயின் சுற்றளவு 40, அப்படியானால் குறுக்களவு 12 சொச்சம், ஆகவே 11 அல்லது 12 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்தில்தான் கச்சிதமாக உட்காரும். பெரிய பாத்திரத்தில் வைத்தால் கவர் உள்ளே சரிந்து விழுந்து நீ செய்த மடிப்பெல்லாம் வீண். பையன் பெயர், பொடியின் பெயர், தேதி எல்லாவற்றையும் கவர் காலியாக இருக்கும்போதே எழுதிவிடு, நிரம்பிய பிறகு அந்தக் கரடுமுரடான மேட்டில் பேனா ஓடாது.

பொடிக்கு வருகிறேன். சாதாரணப் புனல் உதவாது, அதன் கழுத்தில் பொடி அடைத்துக்கொள்ளும், நீ குச்சியை விட்டுக் குத்துவாய், அது பொசுக்கென்று மொத்தமாக விழும். அடியை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் டம்ளர் ஒன்று போதும், அதைக் கவருக்குள் இறக்கி அதன் வழியாகக் கரண்டியால் போடு. டம்ளரை மெதுவாக நேரே மேலே எடு, சாய்க்காதே. கவரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் பொடி இறங்கி உட்காரும். அதற்கு மேலே ஒரு டிஷ்யூவை மடித்து வை. மெஷின் உறிஞ்சுவது காற்றைத்தான், ஆனால் வேகமாக ஓடும் காற்று நுண்ணிய பொடியையும் அள்ளிக்கொண்டுதான் வரும், அந்த டிஷ்யூ அதை வழிமறிக்கும். இதைவிட நல்லது, பொடியை ஒரு சின்னக் காகிதப் பையில் போட்டு மடித்து, பையோடு கவருக்குள் வைப்பது. நான் பருப்புப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் இதைத்தான் செய்கிறேன். வறுத்து அரைத்த சூட்டோடு மட்டும் அடைக்காதே, ஆவி உள்ளே தண்ணீராகி அடியில் கட்டி தட்டும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறட்டும்.

அப்புறம் இந்த ஆசை வேண்டாம்: ஒரு கிலோ கவராகப் போடுவது. நாம் எல்லாரும் அப்படித்தான் செய்வோம், பிள்ளைக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று. அங்கே அவன் கத்தரியால் வாயை வெட்டி, ஒரு ஸ்பூன் எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைப்பான், அதோடு நீ பட்ட பாடெல்லாம் போச்சு. 100 கிராம், 150 கிராம் கவர்களாகப் போடு.

உண்மையான தலைவலி புளிக்காய்ச்சல்தான், எண்ணெய் மிதக்கிற எல்லாமே. நம்மிடம் இருப்பது கவரின் வாயை மட்டும் உள்ளே விட்டு உறிஞ்சும் மெஷின், அது காற்றையும் குழம்பையும் பிரித்துப் பார்க்காது, முதலில் காற்று, அது தீர்ந்தால் எண்ணெய். இதற்கு ஒரே நேர்மையான வழி, உறைய வைத்து அடைப்பது. புளிக்காய்ச்சலை நன்றாகச் சுருள வதக்கி, ஆறவிட்டு, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வை. நல்லெண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியில் உறையத் தொடங்கிவிடும், நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். உப்பும் எண்ணெயும் இருப்பதால் அது கல்லாக இறுகாது, ஆனால் வழியாது, அது போதும். கிண்ணத்தின் அடியைக் கொஞ்சம் தண்ணீரில் காட்டிக் கவிழ்த்தால் கட்டியாக விழும், அடிப்பக்கத்து ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கவருக்குள் போட்டு உடனே சீல் செய். அப்புறம் அது உருகினாலும் உருகட்டும், உள்ளேதானே இருக்கிறது. உறைய வைக்க நேரமில்லை என்றால், மெஷினை மேடையின் விளிம்புக்கு நகர்த்திவிட்டு, கவரைக் கீழே தொங்கவிட்டபடி உறிஞ்ச வை, சாமான் கீழேயே நிற்கும், காற்று மட்டும் மேலே ஏறும். கண்ணை எடுக்காதே. எண்ணெய் வாயை நோக்கி ஏறத் தொடங்குகிற நொடியில் சீல் பட்டனை நீயே அழுத்திவிடு, கொஞ்சம் காற்று உள்ளே நின்றால் குடி முழுகாது. ஒரு விரல் தள்ளி இன்னொரு சீலும் போடு. ஊருக்குப் போகிற கவர் எதற்குமே நான் இரண்டு சீல் இல்லாமல் விடுவதில்லை.

இங்கே பாளையங்கோட்டையில் ஒரு இனிப்புக் கடையில் கண்ணாடி மூடி போட்ட பெரிய மெஷின் வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்தால் நம் சாமானையும் அடைத்துத் தருவார்கள். அதில் கவர் முழுதுமே பெட்டிக்குள் போய்விடும், கவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சமயத்தில் காற்று குறைவதால் குழம்பை வெளியே தள்ள ஒன்றும் இல்லை. ரசத்தைக்கூட அடைக்கிறான் அந்தக் கடைப் பையன், ஒரு சொட்டுச் சிந்தாமல். சாதாரண வழவழப்புக் கவரே அதற்குப் போதும். நம் மெஷினுக்கு மட்டும்தான் உள்பக்கம் வரிவரியாக இருக்கிற கவர் வேண்டும், இல்லையென்றால் இரண்டு தாளும் வாயிலேயே ஒட்டிக்கொண்டு காற்று வர வழி இருக்காது. உன் ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும், விசாரி. புளிக்காய்ச்சலையும் ஊறுகாயையும் அங்கே கொடுத்துவிட்டு, பொடியை மட்டும் வீட்டில் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

முறுக்கு அடைக்கவே அடைக்காதே. நம் ஃபிசிக்ஸ் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்துகிறது. 20க்கு 25 கவர் என்றால் ஒரு பக்கத்துக்கு 500 சதுர சென்டிமீட்டர், முழு வெற்றிடமாக இருந்தால் 500 கிலோ. வீட்டு மெஷின் அத்தனையையும் உறிஞ்சாது, ஆனாலும் உன் தேன்குழலைத் தூளாக்க அது உறிஞ்சுவதே தாராளம். இதில் வேடிக்கை, இதை உலகத்துக்குக் காட்டினவரே உன் பையன் போகிற ஊரின் மேயர்தான், ஓட்டோ ஃபான் குயரிக்கே. 1650 வாக்கில் காற்றை உறிஞ்சும் பம்பைச் செய்து, இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து உள்ளேயிருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரை கட்டி இழுக்கவைத்தார், பிரிக்க முடியவில்லை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். அந்த ஊருக்கு நீ வேக்யூம் கவரில் இட்லிப் பொடி அனுப்புகிறாய், ஏட்டி, யோசித்துப் பார்!

சரி, கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. காற்றை எடுத்துவிட்டால் எதுவும் கெடாது என்று உன் நாத்தனார் சொன்னதாக எழுதியிருந்தாய். அது தப்பு. காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் என்று ஒரு கிருமி இருக்கிறது, பாட்டுலினம், அதன் விஷம் ஆளையே கொல்லும், வாசனையிலோ ருசியிலோ தெரியவும் தெரியாது. நன்றாகக் காய்ந்த பொடியில் அது வளர ஈரம் கிடையாது, புளிப்பும் உப்பும் தூக்கலாக உள்ள புளிக்காய்ச்சலிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் அதற்கு வழியில்லை. ஆனால் புளி சேர்க்காமல் பூண்டை எண்ணெயில் வதக்கிக் கவரில் அடைத்து வெளியே வைக்கிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். வெந்த குழம்பு, கூட்டு அடைத்தால் ஃப்ரீசரில்தான் இருக்க வேண்டும். நீ உன் ஃப்ரீசருக்கு வஞ்சிரம் அடைக்கப்போவதாகச் சொன்னாயே, துண்டுகளைத் தட்டில் பரப்பி ஒரு மணி இரண்டு மணி நேரம் உறையவிட்டு அடை, ரத்தத் தண்ணீர் வாய்க்கு வராது, துடுப்பு முள்ளை வெட்டிவிடு, இல்லாவிட்டால் கவரைக் குத்தும். பனி விடவைக்கும்போது கவரைக் கிழித்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் கீழே வைக்க வேண்டும், பாட்டுலினத்திலேயே மீனில் வருகிற வகை மூன்று நான்கு டிகிரிக் குளிரிலேயே வளரக் கூடியது.

அவன் பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாலையும் இறைச்சியையும் அவற்றில் செய்ததையும் கொண்டுபோக முடியாது, எத்தனை அழகாக சீல் செய்தாலும் சரி. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய் இரண்டும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், அப்படிக் கேட்காமல் விடுவது அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும்தான். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடியாக அனுப்பு. கோவில்பட்டி கடலை மிட்டாய் பிரமாதமாக அடைபடும், அது நொறுங்கினாலும் யாரும் கவலைப்படப்போவதில்லை.

இங்கே வேறு பெரிய செய்தி இல்லை. நான் ரிட்டயர் ஆனதிலிருந்து இவர் என்னையும் காலையில் வ.உ.சி. மைதானத்துக்கு நடக்க இழுத்துக்கொண்டு போகிறார், முழங்கால் முனகுகிறது, ஆனாலும் போகிறேன், அங்கேதான் பாதி ஊர் வம்பும் கிடைக்கிறது. மாடி ஒழுகல் இந்த மழைக்கும் தீரவில்லை. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், அவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அவனுக்குச் சோறு வடிக்கவாவது சொல்லிக்கொடுத்தாயா? விமானத் தேதி உறுதியானதும் எழுது. உடன்குடி கருப்பட்டி ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், அது காற்று பட்டால் கசிந்து பிசுபிசுக்கும், அதனால் இங்கேயே சின்னச் சின்னக் கவராக அடைத்துப் பார்சலில் போட்டுவிடுகிறேன். எத்தனை கவர் அவனுக்கு, எத்தனை உனக்கு என்பதை மட்டும் சொல்.

அன்புடன்,
வள்ளி