மேக்காட்டு ஆத்தாவுக்கும், எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுச் சாயங்காலம் யார் கையையும் பிடிக்காமல் கட்டுத்தரை வரைக்கும் நடந்து போனார். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்தவர்கள், கரண்ட் வரும் நேரம் பார்த்து ராத்திரியில் மோட்டார் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டியவர்கள், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவர்கள், சொசைட்டிக்குப் பாலைக் கொண்டுபோய் ஊற்றி நோட்டில் அளவு எழுதி வாங்கியவர்கள், கூப்பிட்டதும் வண்டியெடுத்து வந்த கால்நடை டாக்டர், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் மேக்காட்டு ஆத்தாவைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் மாடு செவலைக்கு மடிநோய் வந்துவிட்டது. ஒரு பக்கம் கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்திருக்கிறது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மடியில் பால் தங்காமல் கறந்துவிடச் சொல்லியிருக்கிறார். சொன்னால் ஆச்சா? செவலை அம்மாவைத் தவிர யாரையும் மடியில் கைவைக்க விடாது, இதில் வலி வேறு. ஆத்தா கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை எடுத்து மேலே சுற்றிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். மாடு மோந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டதாம். இதைக் கேட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம் பற்று. சோற்றுக்கற்றாழை கால் கிலோ, மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைக்கவேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சொல்வதும் இதே அளவுதான். ஆத்தாவுக்குத் தராசெல்லாம் கிடையாது, அரைத்தது செங்கல் நிறத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு தடவையும் மடியைக் கழுவி, நோவுப் பாலைத் தனியாகப் பீச்சித் தூரக் கொட்டிவிட்டு, விழுதில் ஒரு கை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து மடி முழுக்கப் பூசவேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாளைக்கு. அந்த வயதில், அந்த முழங்கால் வலியோடு, மேக்காட்டிலிருந்து வரப்பு வழியாக ஒவ்வொரு தடவையும் நடந்து வந்திருக்கிறார். நான் பார்க்கும்போது சுண்ணாம்பு பட்டு அவர் விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

பாட்டி வைத்தியம் கேட்குமா கேட்காதா என்று நாம் எவ்வளவோ பேசுகிறோம். செவலைக்கு ஊசி கேட்டதா பற்று கேட்டதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கற்றாழை வேலியோரத்தில் சும்மா கிடைக்கிறது, மஞ்சள் எந்த வீட்டிலும் இருக்கிறது. பத்துத் தடவை வந்து பூச ஒரு ஆள் கிடைப்பதுதான் அரிது. எங்களுக்குக் கிடைத்தார்.

காலில் விழப் போனேன், தூக்கிவிட்டார். "உங்கம்மா வந்து பாக்கறப்ப மாடு காஞ்சு நின்னா அவ நோவு எப்படிச் சாமி தீரும்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செவலை இப்போது நாலு காம்பிலும் கறக்கிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, நானும் கறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். கட்டுத்தரையை ஒட்டி வரிசையாகக் கற்றாழை நட்டிருக்கிறேன், யார் மாட்டுக்கு வேண்டுமென்றாலும் கேட்காமலே வெட்டிக்கொண்டு போங்கள். இனி நம் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரி என்று கிளம்பவேண்டி வந்தால், எனக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள், உங்கள் மாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.