ரத்தான கப்பல் பயணமும் பயணியின் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பயணி கட்டிய பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தைத் தானே ரத்து செய்துவிட்டு, அதற்கு ஈடாக ‘அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வவுச்சரை அனுப்பி வைப்பது சொகுசுக் கப்பல் நிறுவனங்களிடையே வழக்கமாகிவிட்டது. வவுச்சரை வாங்கிக்கொள்பவர் நல்ல வாடிக்கையாளர், பணத்தைக் கேட்பவர் பிடிவாதக்காரர் என்று ஆகிவிட்ட இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். வவுச்சருக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும், கணக்கின்படி அது பயணி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் கடன். அதற்கு வட்டியும் கிடையாது, அடமானமும் கிடையாது. விரும்பிக் கொடுப்பவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுக்க வைப்பதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

ரத்து செய்தது யார் என்பதைப் பொறுத்தே பயணியின் உரிமை அமைகிறது. பயணி தன் சொந்தக் காரணங்களுக்காக விலகினால், புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். கடைசி வாரங்களில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. நிறுவனமே கைவிட்டால் முழுத்தொகையும் பயணிக்கு உரியது. கொரோனா பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டில், புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு வரை விலகலாம், அதுவரை கட்டிய தொகைக்கு வவுச்சர் தரப்படும் என்று சில நிறுவனங்கள் அறிவித்தன. அச்சத்தில் பலர் அவசரமாக விலகினார்கள். பின்னர் நிறுவனங்களே அந்தப் பயணங்களை ரத்து செய்தன. பொறுத்திருந்தவர்களுக்குப் பணம் கேட்கும் உரிமை இருந்தது, முந்திக்கொண்டவர்களுக்கு வவுச்சர்தான். ஆகவே, ரத்தாகிவிடும் என்று தோன்றுகிற பயணத்தில், அடுத்த தவணைக்கான கெடுவோ பிடித்தம் உயரும் நாளோ குறுக்கிடாத வரை, நிறுவனத்தின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதே பயணிக்கு லாபம்.

அந்த அறிவிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பதிவு செய்திருந்த பயணத்தை ஒரு நிறுவனம் ரத்து செய்தபோது வந்த மின்னஞ்சலில், வருத்தம் தெரிவிக்கும் பத்திகளுக்குக் கீழே திரையின் முழு அகலத்துக்கும் ஒரு நீலப் பட்டை இருந்தது. கூடுதல் மதிப்புள்ள வவுச்சரைப் பெற இங்கே அழுத்தவும் என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். பணம் வேண்டுவோருக்கான வழியோ, முகவரிக்கும் பதிப்புரிமை வாசகத்துக்கும் சற்று மேலே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஓடிய ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, ஒரே ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தொட்டால் ஒரு படிவம் திறந்தது. குறித்த தேதிக்குள் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பாதவர்கள் வவுச்சரையே விரும்புவதாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற வரி படிவத்தின் அடியில் இருந்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதற்கும் அது உதவும் என்பதை அன்றுதான் கண்டேன்.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று கப்பல் பயணங்களுக்குத் தடை விதித்தது. அங்குள்ள துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மீண்டும் பயணிகளுடன் புறப்பட 2021 ஜூன் வந்துவிட்டது. பல மாதங்களுக்கு முன்பே பயணிகளிடம் வாங்கும் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தொழில் அல்ல இது. அந்தப் பணம் அன்றாடச் செலவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டால் கையில் இருக்காது. அதனால்தான் பணமாக வேண்டுமென்றால் 100 சதவீதம், வவுச்சராக வேண்டுமென்றால் 125 சதவீதம் என்று பெரிய நிறுவனங்கள் அப்போது ஆசை காட்டின. நிறுவனம் வலுவானதாக இருந்து, மறுபடியும் அதே நிறுவனத்தின் கப்பலில் போவது உறுதி என்றால், அது நல்ல பேரமாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தக் கூடுதல் 25-ஐ எடுத்த எடுப்பில் லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டிய தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அதே வழித்தடத்தில் அதே அறைக்கான கட்டணம் 130 ஆகியிருந்தால், 125 மதிப்புள்ள வவுச்சர் வைத்திருப்பவர் மேலும் 5 கட்ட வேண்டும். வேறு நிறுவனத்தில் அதே போன்ற பயணம் 90-க்குக் கிடைத்தாலும் அவரால் அங்கே போக முடியாது. தவிர, பெரும்பாலான நிறுவனங்களில் வவுச்சர் இரு பகுதிகளைக் கொண்டது. பயணி உண்மையில் கட்டிய தொகை ஒன்று. நிறுவனம் சேர்த்துக் கொடுத்த இனாம் மற்றொன்று. இனாம் பகுதிக்குப் பண மதிப்பு கிடையாது; பல நிறுவனங்களில் அது முதலில் காலாவதியாகும்; புதிய பதிவு ரத்தானால் அது திரும்பி வராமலும் போகலாம். இந்த இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சிடுவதால், கையில் இருப்பதில் எவ்வளவு தன் பணம் என்பதே பயணிக்குத் தெரிவதில்லை.

வவுச்சரைப் பயன்படுத்தப் புகுந்தால் வேறு பல சங்கடங்களும் தெரியவரும். வவுச்சர் அறைக்கு அல்ல, ஆளுக்கு வழங்கப்படுகிறது. ஒரே அறையில் இருவர் போவதாக இருந்து, முழுப் பணத்தையும் ஒருவரே கட்டியிருந்தாலும், வவுச்சர் இருவர் பெயரிலும் பாதி பாதியாக வரும். மற்றவரால் பின்னர் பயணம் செய்ய முடியாமல் போனால், பணம் கட்டியவரின் தொகையில் பாதி முடங்கிவிடும். பெயர் மாற்ற இயலாது என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் உண்டு. பொதுவாக வவுச்சர் அடிப்படைப் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே செல்லும். வரிகள், துறைமுகக் கட்டணங்கள், ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை ஆகியவற்றைத் தனியாகக் கட்ட வேண்டும். முன்பணத்துக்கு வவுச்சரை ஏற்காமல், இறுதித் தவணையில்தான் கழிப்போம் என்பாரும் உண்டு. புதிய பயணத்தின் கட்டணம் வவுச்சரின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், மிச்சம் புதிய வவுச்சராக வருமா, மறைந்துபோகுமா என்பதைப் பதிவு செய்யும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

காலாவதித் தேதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதுமா, அல்லது அந்தத் தேதிக்குள் கப்பலில் ஏறியாக வேண்டுமா? இரண்டுக்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேலும் இடைவெளி விழலாம். இதைத் தெளிவாகச் சொல்லும் வவுச்சர்களும் உண்டு. வெறும் தேதியை மட்டும் போட்டுவிட்டு விவரத்தை நிபந்தனைப் பக்கங்களில் புதைத்துவிடும் வவுச்சர்களும் உண்டு. மேலும், வவுச்சரைக் கொண்டு பதிவு செய்த புதிய பயணத்தையும் நிறுவனமே ரத்து செய்துவிட்டால், வவுச்சராகக் கட்டிய பகுதி வவுச்சராகவே திரும்பி வருவதுதான் பரவலான நடைமுறை. 2020-லும் 2021-லும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணங்கள் ரத்தானபோது, வவுச்சருக்கு மேல் வவுச்சர் வாங்கிக்கொண்டே போனவர்கள் இருந்தார்கள். ஒருமுறை வவுச்சராக மாறிய பணம் மீண்டும் பணமாவது அரிது என்பதால், முதல் ரத்து அறிவிப்பின்போது பயணி எடுக்கும் முடிவே அவருடைய கடைசி முடிவாகவும் இருந்துவிடுகிறது.

கடன் வாங்கிய நிறுவனம் திவாலானால் என்ன ஆகும் என்ற கேள்வியை வவுச்சர் வாங்கும் யாரும் கேட்பதில்லை. பிரிட்டனின் குரூஸ் அண்ட் மேரிடைம் வாயேஜஸ் நிறுவனம் 2020 ஜூலையில் நொடித்துப்போனது. கிரிஸ்டல் குரூஸஸ் நிறுவனம், அதன் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் சரிந்ததைத் தொடர்ந்து, 2022-இன் தொடக்கத்தில் சேவையை நிறுத்தியது. அத்தகைய நிலையில் வவுச்சர் வைத்திருப்பவர், அதற்கெனக் காப்புறுதி ஏதும் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் நீண்ட வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். 2023 நவம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து புறப்படவிருந்த மூன்றாண்டு உலகச் சுற்றுப்பயணம் ஒன்று, கப்பலே கிடைக்காததால் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. வீட்டை விற்றுவிட்டு வந்திருந்த பயணிகளும் அதில் இருந்தார்கள். கட்டிய பணத்தை மாதத் தவணைகளில் தருவதாக அந்த நிறுவனம் கூறியது. கப்பலை வாங்குவதற்கு முன்பே பயணச்சீட்டு விற்க முடிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

சட்டம் இந்தப் பிரச்சினையைக் காணாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றுலா நெறிமுறை, கப்பல் சுற்றுலாவையும் உள்ளடக்கியது. ஒப்பந்தம் முறிந்த 14 நாள்களுக்குள் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு விதிகளும் அதே 14 நாள் கெடுவை வைத்திருக்கின்றன. இருந்தும், கொரோனா காலத்தில் பிரான்ஸ் அரசு 18 மாதம் செல்லுபடியாகும் வவுச்சரை முதலில் கொடுத்துவிட்டு, அது பயன்படுத்தப்படாவிட்டால் மட்டும் பிறகு பணம் தரலாம் என்று அவசரச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து நுகர்வோர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூன் 8 அன்று தீர்ப்பளித்தது. திருப்பித் தருவது என்றால் பணமாகத் தருவதுதான். பயணி தாமாக விரும்பினால் மட்டுமே அதற்குப் பதில் வவுச்சர் தரலாம் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. வவுச்சர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஐரோப்பிய ஆணையத்தின் 2020 மே மாதப் பரிந்துரை நல்ல முன்மாதிரி: குறைந்தது 12 மாதம் செல்லுபடியாக வேண்டும், நிறுவனம் திவாலானாலும் பாதுகாப்பு இருக்க வேண்டும், பயன்படுத்தாமல் காலாவதியானால் 14 நாள்களுக்குள் பயணி கேட்காமலேயே பணம் திரும்ப வேண்டும்.

அமெரிக்காவில் 1966-இலேயே, பயணம் நடைபெறாவிட்டால் பயணிகளுக்குத் திருப்பித் தருவதற்கான நிதி ஏற்பாடு இருப்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. அங்குள்ள துறைமுகங்களில் பயணிகளை ஏற்றும், 50 பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் வசதியுள்ள கப்பல்களுக்கு அது பொருந்தும். ரத்து செய்தாலோ, புறப்பாட்டை 3 நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போட்டாலோ அது நடைபெறாத பயணமாகக் கருதப்படும் என்பதை அமெரிக்கக் கடல்சார் ஆணையம் 2022-இல் நடைமுறைக்கு வந்த விதியில் வரையறுத்தது. வவுச்சரிலும் நேர்மை சாத்தியம் என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று விமானப் பயணச்சீட்டுகள் குறித்துப் பிறப்பித்த உத்தரவைச் சுட்டிக்காட்டலாம். பணம் தர இயலாத விமான நிறுவனங்கள் வழங்கும் வரவுத்தொகையை எந்த வழித்தடத்திலும் பயன்படுத்தலாம், வேறொருவருக்கு மாற்றித் தரலாம், பயன்படுத்தும் வரை அதன் மதிப்பு மாதந்தோறும் கூட வேண்டும், கெடு முடிந்தால் பணமாகத் தர வேண்டும் என்று அந்த உத்தரவு வகுத்தது. கடனுக்குரிய இலக்கணம் அனைத்தும் அதில் இருந்தன. கப்பல் நிறுவனங்கள் இதைப் பின்பற்றத் தடை என்ன?

பாதி வழியில் நின்றுபோகும் பயணம் வேறு வகை. மிகயில் லெர்மன்தவ் என்ற கப்பல் 14 நாள் சுற்றுலாவின் இடையில், 1986 பிப்ரவரி 16 அன்று நியூசிலாந்துக் கரையோரம் மூழ்கியது. அதில் சென்ற ஒரு பயணி முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்டார். சில நாள்கள் பயணத்தை அனுபவித்துவிட்டதால் முழுக் கட்டணத்துக்கு உரிமையில்லை, ஆனால் ஏமாற்றத்துக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1993-இல் கூறியது. புறப்படாத கப்பலின் கணக்கு இவ்வளவு சிக்கலானது அல்ல. அங்கே பயணி எதையும் அனுபவிக்கவில்லை.

பணம் கேட்டும் நிறுவனம் இழுத்தடித்தால், கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் முறையிட்டு, கார்டில் பிடிக்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற்றுத் தருமாறு கோரலாம். அதற்கும் கெடு உண்டு. நிறுவனத்தின் பதிலுக்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்த வாய்ப்பும் கைநழுவும். வவுச்சரை ஏற்றுக்கொண்ட பிறகு வங்கியிடம் போனால் வழக்கு வலுவிழந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்தவர்கள், கார்டுக் கணக்கு அறிக்கையில் பணம் பெற்றவராக யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. கப்பல் நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்டையும், ஏஜென்டைக் கேட்டால் கப்பல் நிறுவனத்தையும் கைகாட்டும் அலைச்சல் ஓரளவு குறையும். தனியாக வாங்கிய விமானச் சீட்டுக்கும் விடுதி அறைக்கும் கப்பல் நிறுவனம் பொதுவாகப் பொறுப்பேற்காது. பயணக் காப்பீடு இருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும்.

இது தொடர்பாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது, பயணத்தை நிறுவனம் ரத்து செய்தால் எத்தனை நாளில் பணமாகத் திரும்பும், அதுவரை அந்தப் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்ற இரண்டு விவரங்களையும் கட்டணத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு விளம்பரதாரர்களைக் கேட்க வேண்டும். தர மறுப்பவர்களின் விளம்பரத்தை ஏற்பதா என்பது தங்கள் முடிவு. மறுத்தார்கள் என்ற செய்தியையாவது வாசகர்களுக்குத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்