மைக் கத்துவதும் மிக்ஸரின் விலையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேடை ஒலி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிஜிட்டல் மிக்ஸர் (மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் கருவி) வாங்கிவிட்டால், மைக் கீச்சென்று கத்தும் ஃபீட்பேக் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும் என்பதுபோல் அதில் ஒரு பத்தி இருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேலாக மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். அது அப்படியில்லை.

மைக் எடுக்கும் ஒலி மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போய், மறுபடியும் அதே மைக்கில் விழுகிறது. இப்படி ஒரு சுற்று சுற்றி வரும்போது ஏதாவது ஓர் அதிர்வெண் குறையாமல் திரும்பி வந்தால் போதும், அது வளர்ந்துகொண்டே போய்க் கீச்சென்று கத்தும். பழைய அனலாக் மிக்ஸரானாலும் சரி, 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸரானாலும் சரி, இதில் மாற்றம் இல்லை.

சொல்லப்போனால் டிஜிட்டலில் இந்தச் சுற்று உண்டாக வழிகள் கூடித்தான் போயிருக்கின்றன. அனலாக்கில் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனால் அது எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாம் திரைக்குள் இருக்கிறது. எந்த இன்புட்டையும் எந்தச் சேனலுக்கும் (ஓர் ஒலிக்கான தனி வழி), எந்தச் சேனலையும் எந்த பஸ்ஸுக்கும் (பல சேனல்களைச் சேர்த்து ஓரிடத்துக்கு அனுப்பும் பாதை) அனுப்பலாம்.

ஒரு கருத்தரங்கில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நேரலைக்காக ஒரு லேப்டாப்பை யூஎஸ்பி வழியாக மிக்ஸரில் இணைத்திருந்தோம். பேச்சாளர் "வணக்கம்" என்றார். கால் நொடி கழித்து இன்னொரு வணக்கம், அப்புறம் இன்னொன்று, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சத்தமாக. நான் மைக்குகளை ஒவ்வொன்றாக மியூட் செய்தேன். நிற்கவில்லை. ஏனென்றால் அந்தச் சுற்றில் மைக்கே இல்லை! அரங்க ஸ்பீக்கர்களுக்குப் போகும் மெயின் மிக்ஸ் லேப்டாப்புக்கும் போனது. அங்கே யாரோ நேரலை மென்பொருளில், உள்ளே வரும் ஒலியை அப்படியே திரும்ப ஒலிக்கவிடும் மானிட்டரிங்கை ஆன் செய்திருக்கிறார்கள். அதே ஒலி லேப்டாப் சேனல் வழியாகத் திரும்பி வந்து மெயினில் சேர்ந்துகொண்டது. லேப்டாப் சேனலை மியூட் செய்ததும் அரங்கம் அமைதியானது. அன்றிலிருந்து நேரலைக்குத் தனியாக ஒரு பஸ் ஒதுக்குகிறேன். லேப்டாப்பிலிருந்து வரும் சேனலின் சென்டை (சேனலிலிருந்து பஸ்ஸுக்குப் போகும் ஒலியை) அந்த பஸ்ஸில் மட்டும் அடைத்துவிடுவேன். லேப்டாப்பில் யார் எதைத் தட்டினாலும் சுற்று உண்டாகாது.

கீச்சென்று ஒரே சுருதியில் கத்தினால் பெரும்பாலும் மைக்கும் ஸ்பீக்கரும்தான் காரணம். எதிரொலிபோல் அடுக்கடுக்காக ஏறினால் லேப்டாப்பையோ எஃபெக்ட் ரிட்டர்னையோ (எதிரொலி போன்ற எஃபெக்ட் சேர்ந்து திரும்பி வரும் சேனலையோ) முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக அவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் விஷயத்திலும் இதேபோல் ஒரு குழப்பம் உண்டு. சேனலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை முழுக்க இறக்கியும் மைக் கத்துகிறதே என்று பலர் பதறுவார்கள். மேடை மானிட்டருக்குப் போகும் சென்ட் பொதுவாக ப்ரீ ஃபேடராக, அதாவது ஃபேடருக்கு முன்பே பிரிந்து போவதாக இருக்கும், ஃபேடரை இறக்கினாலும் அது குறையாது. நிகழ்ச்சி நடுவில் கெயினை (மிக்ஸருக்குள் நுழையும்போதே மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினாலோ அந்த மைக் போகும் எல்லா மானிட்டரிலும் சேர்ந்து ஏறிவிடும். முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் காது மந்தம், அதனால் மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். முன்பக்கம் இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்னால் சற்றுப் பக்கவாட்டில். பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் போயிற்று, மைக் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கத் தொடங்கிவிடும்.

தானாகவே ஃபீட்பேக்கை வெட்டும் வசதியைக் கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்தது. அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தையும் ஃபீட்பேக் என்று நினைத்து அது வெட்டிவிடுவதுண்டு. வாசிப்பவரின் முகம் மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிட, பேசுபவர் மைக்கை வாய்க்குப் பாதித் தூரம் நெருக்கமாகப் பிடித்தாலே 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகக் கிடைத்துவிடும். தேவையில்லாமல் திறந்து கிடக்கும் மைக்குகளை மூடினால் இன்னும் நல்லது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் கத்தாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும்.

அமைப்பாளர்களிடம் நான் கேட்பது விலை உயர்ந்த மிக்ஸர் அல்ல. ஆட்கள் உள்ளே வருவதற்கு முன் அரை மணி நேரம். மானிட்டரை மெல்ல மெல்ல ஏற்றி, எந்த அதிர்வெண் முதலில் முனகுகிறது என்று கேட்டு, 31 பேண்ட் ஈக்யூவில் (அதிர்வெண்களை 31 பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) அதை மட்டும் கொஞ்சம் இறக்குவதற்கு அந்த நேரம் வேண்டும். பெரும்பாலும் அதைத்தான் தருவதில்லை. மேடை அலங்காரம் முடியும்போது கூட்டம் உட்கார்ந்திருக்கும், அப்புறம் மைக் கத்தியதும் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பும்.

இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், உங்கள் நிருபர் ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்குச் சவுண்ட் செக் நடக்கும் அந்த அரை மணி நேரம் எங்களில் ஒருவரோடு மிக்ஸர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேடை ஒலிப் பொறுப்பாளரான உங்கள் வாசகன்