கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வார இணைப்பில், உடற்பயிற்சிக் கைப்பட்டைகளையும் ஸ்மார்ட் வாட்சுகளையும் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தினமும் எவ்வளவு நடக்கிறோம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறோம் என்பதைக் கவனிக்க இக்கருவிகள் உதவும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், உடற்பயிற்சியில் செலவான கலோரியைக் கருவி துல்லியமாக அளந்துவிடுவதால், அது காட்டும் அளவுக்கு அன்று கூடுதலாகச் சாப்பிட்டாலும் எடை ஏறாது என்ற அவருடைய யோசனையை அப்படியே விட்டுவிட முடியவில்லை. உடற்செயலியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் ஆக்சிஜன் அளவீட்டுப் பணியில் இருந்தவன் என்ற முறையில், அந்த யோசனை ஏன் தவறு என்பதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மணிக்கட்டில் கட்டிய எந்தக் கருவியும் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. அதற்கு முக்கியமாகத் தெரிபவை இரண்டே. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அதனுள் இருக்கும் அசைவு உணரி சொல்கிறது. கருவியின் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்கின் ஒளி தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் ஏற்ற இறக்கத்திலிருந்து இதயத் துடிப்பு கணக்கிடப்படுகிறது. இவற்றோடு, முதல் நாள் ஆப்பில் நாம் பதிந்த வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் இட்டால் கிடைப்பதுதான் திரையில் தெரியும் கலோரி. அந்தச் சூத்திரம் என்ன என்பதை நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஐயமுள்ளவர்கள் ஆப்பில் தங்கள் எடையை இருபது கிலோ கூட்டிப் பதிந்துவிட்டு, வழக்கமான நடையை அதே வேகத்தில் நடந்து பார்க்கலாம். உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே கலோரி உயர்ந்து நிற்பதைக் காண்பார்கள்.

அப்படியானால் உண்மையான அளவீடு எது என்ற கேள்வி எழும். உடல் எரிபொருளை எரிக்க ஆக்சிஜன் வேண்டும்; ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ ஐந்து கிலோகலோரி (பேச்சு வழக்கில் கலோரி என்று சொல்வதும் இதையே) செலவாகிறது. எனவே ஆய்வகத்தில், நடப்பவரின் முகத்தில் காற்றுக் கசியாத முகமூடியைப் பொருத்தி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறோம். தினமும் காலையில் முதல் வேலை, விகிதம் தெரிந்த வாயுவைக் கருவிக்குள் செலுத்தி அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. அடுத்தது, மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிரிஞ்சால் காற்றைத் தள்ளி ஓட்ட அளவைச் சரிபார்ப்பது. இவ்வளவுக்குப் பிறகும், முகமூடியின் விளிம்பு தாடியில் சரியாகப் படியாவிட்டால் அன்றைய சோதனை வீண். ஆய்வகத்துக்கு வெளியே, அன்றாட வாழ்வில் நாள்கணக்கில் அளக்க வேண்டுமானால், நிறை கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை இரண்டும் உடலை விட்டு வெளியேறும் வேகத்தின் வேறுபாட்டைச் சிறுநீரில் கண்டறியும் முறை இருக்கிறது. செலவு மிக்க முறை அது. இவற்றோடு ஒப்பிடும்போது, கைக்கடிகாரம் செய்வது வண்டியின் சக்கரச் சுழற்சியை எண்ணிவிட்டு எரிபொருள் செலவைச் சொல்வதைப் போன்றது.

இந்த ஒப்பீட்டைப் பலர் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 60 தன்னார்வலர்களுக்கு ஏழு வகைக் கருவிகளை அணிவித்து, நடக்கவும் ஓடவும் நிலையான மிதிவண்டியை மிதிக்கவும் செய்தார்கள். இதயத் துடிப்பைப் பொறுத்தவரை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரிக் கணக்கிலோ, இருந்தவற்றில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம் பிசகியது. துடிப்பு ஏறக்குறைய சரி, ஆனால் அதிலிருந்து கணித்த கலோரி இவ்வளவு தவறு என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். சிக்கல் உணரியைவிட அதற்கு அடுத்த படியில், அதாவது சூத்திரத்தில், அதிகம் இருக்கிறது. அந்தக் கருவிகளெல்லாம் பழையவை, இப்போது முன்னேறிவிட்டன என்று சிலர் சொல்லக்கூடும். முன்னேற்றம் உண்மைதான். ஆயினும் 2020-ல் வெளியான, 158 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு மதிப்பாய்வும், கலோரிக் கணக்கில் எந்த நிறுவனத்தின் கருவியும் துல்லியமாக இல்லை என்றே முடிவு கூறியது.

பிழை எப்போதும் ஒரே பக்கமாக இருந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைக் கழித்துச் சமாளித்திருக்கலாம். அந்த வசதியும் இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 12 கருவிகளை 19 பேருக்கு அணிவித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மூடிய அறைக்குள் சில கருவிகள் கூட்டியும் சில குறைத்தும் காட்டின. அன்றாட வாழ்க்கையில் அளந்தபோது பெரும்பாலானவை குறைத்தே காட்டின. ஒரே கருவிகூட ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் சொல்லலாம். ஒரே எடையும் ஒரே வயதும் உள்ள இருவரை டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் நடக்க வைத்தாலும் இருவரும் செலவழிக்கும் ஆக்சிஜன் சமமாக இருப்பதில்லை என்பதை நாங்கள் வாரந்தோறும் பார்ப்போம். சூத்திரம் சராசரி மனிதருக்காக எழுதப்பட்டது. சோதனைக்கு வருபவர்களில் அந்தச் சராசரி மனிதரைக் காண்பது அரிது.

பயிற்சியின் தன்மையும் கணக்கைக் கெடுக்கும். டிரெட்மில்லின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடப்பவரின் கை அசையாததால் காலடிகள் விட்டுப்போகின்றன. உடல் எடையில் ஒரு பங்கைக் கைப்பிடி தாங்குவதால் உண்மையான செலவும் குறைகிறது. முதுகில் சுமையோடு நடப்பவரின் சுமை எவ்வளவு என்று கருவிக்குத் தெரிய வழியே இல்லை. பளு தூக்கும்போது துடிப்பு வேகமாக ஏறும், ஆக்சிஜன் செலவு அதே விகிதத்தில் ஏறாது. வெயிலில் நடந்தாலும், காபி குடித்தாலும், கலவரப்பட்டாலும் துடிப்பு கூடுமே தவிர, கொழுப்பு கரைந்துவிடாது. மாறாக, இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு கட்டுக்குள் இருப்பதால், துடிப்பை நம்பும் கணக்கு அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல இடமுண்டு.

கட்டுரையில் விடுபட்ட மற்றொரு செய்தி, என் பார்வையில், கருவியின் பிழையைவிடவும் அதிகம் பேரைக் குழப்புவது. நாம் அசையாமல் படுத்திருந்தாலும் உடல் ஒவ்வொரு கிலோ எடைக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழித்துக்கொண்டுதான் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் சற்று விரைவாக நடந்தால் மொத்தச் செலவு சுமார் 240 கிலோகலோரி என்று கொள்ளலாம். அதில் 60 அவர் நடக்காமல் நாற்காலியில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையால் கிடைத்த கூடுதல் 180 மட்டுமே. சில ஆப்புகள் மொத்தத்தையும் கூடுதலையும் தனித்தனியே காட்டுகின்றன, சில மொத்தத்தை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. நாள் முழுவதற்குமான உணவுக் கணக்கில் ஓய்வுச் செலவை ஏற்கெனவே சேர்த்துவிட்டவர், மொத்தத்தைப் பார்த்து மீண்டும் சாப்பிட்டால் அந்த 60-ஐ இருமுறை எண்ணியவர் ஆகிறார். இது கருவி சரியாக வேலை செய்யும்போதே நேர்வது.

இனி, கட்டுரையாளர் சொன்னபடி, கருவி காட்டியதை அப்படியே சாப்பிட்டு ஈடுகட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கருவி 400 என்கிறது. உண்மையான கூடுதல் செலவு 300 என்று வைத்துக்கொள்வோம். தினமும் நூறு கிலோகலோரி மிகும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி என்ற வழக்கமான எளிய கணக்கின்படி, இரண்டரை மாதத்தில் ஒரு கிலோ ஏறுவதற்கு அதுவே போதும். உணவுப் பொட்டலத்தில் அச்சிட்ட கலோரியும் சராசரி மதிப்புதான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு மதிப்பீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து மீதியை நம்பும் நிலைக்கு வருகிறோம். உடற்பயிற்சியைச் சிரத்தையாகச் செய்தும் எடை குறையவில்லையே என்று மனம் வெதும்புகிறவர்களில் சிலர் இப்படிச் சிக்கியவர்கள் என்றே நினைக்கிறேன்.

கருவியை அணிவதாலேயே எடை குறைந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் 471 இளையோரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2016-ல் வெளியிட்ட சோதனையில், உணவு, பயிற்சி ஆலோசனைகளோடு கருவியும் அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் வழக்கமான முறையைப் பின்பற்றியவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். இதற்குக் காரணம் இன்னதென்று அந்தச் சோதனை நிறுவவில்லை. எனவே கருவிதான் கெடுத்தது என்று நானும் வாதிட மாட்டேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்வது என் நோக்கமன்று. காலடி எண்ணிக்கையும், ஓய்வு நேரத் துடிப்பும், ஒரே ஏற்றத்தை ஏறும்போது மாதத்துக்கு மாதம் துடிப்பு தணிந்து வருகிறதா என்பதும் மிகப் பயனுள்ள செய்திகள். கலோரியைப் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள், ஒரே கருவியில், ஒரே வகைப் பயிற்சியில், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடலாம். வேறொருவரின் கருவியோடோ தங்கள் உணவுத் தட்டோடோ ஒப்பிட வேண்டாம். எவ்வளவு சாப்பிடுவது என்பதை, சில வாரங்களுக்கான எடைப் போக்கையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்துத் தீர்மானிப்பதே பத்திரமானது.

தயாரிப்பாளர்களிடம் எதிர்பார்ப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. 347 என்று ஒற்றை இலக்கம் வரை காட்டும்போது, பார்ப்பவர் அதை அளவீடு என்றே எண்ணுவார். 250 முதல் 450 வரை என்று வீச்சாகக் காட்டினால், அதே கருவி அதே உணரிகளைக் கொண்டு உண்மைக்கு நெருக்கமாகப் பேசியதாகும். விற்பனைக்கு அது உதவாது என்பதால்தான் செய்யவில்லை என்று நான் சந்தேகிக்கிறேன்.

தாங்கள் அக்கட்டுரையோடு வெளியிட்ட அட்டவணையில், ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே தரப்பட்டிருக்கும் கலோரி மொத்தச் செலவா, ஓய்வுச் செலவு நீங்கிய கூடுதலா, எந்த எடையுள்ளவருக்கு உரியது என்ற குறிப்புகள் இல்லை. அடுத்த இதழில் அக்குறிப்புகளோடு அட்டவணையை மறுபடி வெளியிட்டு, கருவி காட்டும் அளவுக்குச் சாப்பிடலாம் என்ற வரியைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்