உன் மகள் ஏன் தெற்கே போகிறாள்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு லேசானது. மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் நலம். பேத்தி இப்போது தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலை. எனக்கே பாடம் நடத்துகிறாள்.

கடிதம் முழுக்க நீ சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாய். மகளும் மாப்பிள்ளையும் ஜெர்சி சிட்டியை விட்டுவிட்டு, தெற்கே வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஷார்லட்டுக்குப் போகிறார்கள். ஆற்றைத் தாண்டினால் நியூயார்க், நடக்கிற தூரத்தில் நம்ம ஊர்க் கடைகள், இதையெல்லாம் விட்டுவிட்டு யாராவது போவார்களா, வேலையில் ஏதாவது சிக்கலை மறைக்கிறார்களா என்று பயந்திருக்கிறாய். மறைக்க ஒன்றும் இல்லை செல்வி. நியூஜெர்சி எடிசனில் அத்தனை வருஷம் இருந்த நாங்களும் இதே காரணத்துக்காகத்தான் அதே மாநிலத்துக் கேரி ஊருக்கு, அதாவது வட கரோலினாவுக்கு வந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் நியூயார்க், நியூஜெர்சி, பாஸ்டன் பக்கமிருந்து வந்தவர்கள்தான்.

கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது வரி. அது பொய்யில்லை. நியூஜெர்சியில் ஒரு வீட்டுக்குக் கட்டும் சொத்து வரி 2024-இல் சராசரியாக 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடனை முழுசாக அடைத்த பிறகும் அது நிற்காது. வேலையை விட்டு ஓய்வில் இருப்பவர், சொந்த வீட்டில் குடியிருப்பதற்கே மாதம் 800 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது, பள்ளிகளும் நன்றாக இருக்கின்றன. என் பிள்ளைகள் படித்தது அங்கேதான், அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் பிள்ளைகள் படித்து வெளியேறியதும் பெற்றோர் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். இங்கே வட கரோலினாவில் சொத்து வரி சராசரியாக வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனாலும் வரி மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது. ஆனால் சொத்து வரி நாட்டிலேயே அதிகமான மாநிலங்களில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் டாலஸ் பக்கம் கூட்டம் குறையவில்லை. வெயிலைத் தேடிப் போகிறார்கள் என்பதும் பாதி உண்மைதான். ஏசி இல்லாத காலத்தில் இந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் யார் குடியிருந்திருப்பார்கள்? வில்லிஸ் கேரியர் என்பவர் 1902-இல் அதை முதன்முதலில் வடிவமைத்ததே நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக, காகிதம் ஈரப்பதத்தால் விரிந்து சுருங்காமல் இருக்க. அந்த வடக்கத்தி இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான் தெற்கு நிரம்பத் தொடங்கியது.

உண்மையான காரணம் வீடு. ஹார்வர்டில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் எட்வர்ட் கிளேசர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெயிலுக்காக மட்டும் ஜனங்கள் வந்திருந்தால் இங்கே வீட்டு விலை எப்போதோ ஏறி, வருகிறவர்களைத் தடுத்திருக்க வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம், வந்தவர்களுக்கெல்லாம் தெற்கு வீடு கட்டிக்கொண்டே இருந்தது. இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஊருக்கு வெளியே பைன் மரங்கள் நிற்கும் நிலம் ஒரு வருஷத்தில் தெருவாகிவிடுகிறது. நியூஜெர்சியில் நிலைமையே வேறு. சின்ன மனைகளையும் அடுக்குமாடிகளையும் அனுமதிக்காத புறநகர் ஊர்கள் அங்கே ஏராளம். வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் ஏழை எளியவர்களுக்கும் வீட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று 1975-லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் மவுன்ட் லாரல் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் பிறகு எத்தனை ஊர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தன! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. தான் வாங்கிய வீட்டின் விலை ஏற வேண்டும் என்பதற்காக அடுத்த தலைமுறைக்குக் கதவைச் சாத்தினார்கள். உன் மகளைப் போன்றவர்கள் இரண்டு பேர் சம்பாதித்தும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டு, குழந்தை பெற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடுகிறார்கள். அவள் ஓடிப்போகவில்லை, செல்வி. இருக்க இடம் கொடுக்காத ஊரைவிட்டுக் கிளம்புகிறாள்.

இது நாட்டின் அரசியலையே மாற்றுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சஸுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடம் கூடியது. ஃப்ளோரிடாவுக்கும் எங்கள் வட கரோலினாவுக்கும் ஒவ்வொன்று. நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் கணக்கில் இருந்திருந்தால் அது போயிருக்காது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? அவர்களுடைய தாத்தா பாட்டி இந்தப் பகுதிப் பருத்தி வயல்களில் வேலை பார்த்தவர்கள், கறுப்பினத்தவர். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கின் கொடுமையிலிருந்து தப்பித்து வடக்கே போனார்கள்; இவர்கள் குடும்பம் நியூஜெர்சியில் உள்ள நியூவார்க்குக்குப் போனது. பேத்தி ஓய்வு பெற்றுத் திரும்பி வந்திருக்கிறார். அவர்களுக்கு இது வெறும் விலைக் கணக்கு இல்லை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கிரீன்ஸ்பரோ. 1960-இல் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்த இடம் இன்று அருங்காட்சியகம். அங்கே என்னை அழைத்துக்கொண்டு போனது அந்த அம்மாள்தான். முன்னோர் துரத்தப்பட்ட மண்ணில் சொந்த வீடு வாங்கி உட்கார்வது என்ன உணர்வு என்று அன்றைக்கு அவர்கள் சொல்லக் கேட்டபோது நான் வாயடைத்துப்போனேன்.

சரி, நல்லதை மட்டும் எழுதினால் உனக்கு நான் உண்மையான தோழி இல்லை. இங்கே வாழ்க்கை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் கூலி மலிவு. வட கரோலினாவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. நியூஜெர்சியில் அது 15 டாலருக்கு மேல். வடக்குச் சம்பளத்தோடும் அங்கே வீடு விற்ற பணத்தோடும் நாங்கள் வந்து இறங்கியதும், உள்ளூர்ச் சம்பளம் வாங்குபவர்களுக்கு வாடகை எட்டாமல் போகிறது. டர்ஹமில் பழைய புகையிலை ஆலைகள் இப்போது அழகான அலுவலகங்களும் உணவகங்களுமாக இருக்கின்றன. அந்த ஆலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் ஊரின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் நாமும் அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச வேண்டும், புது வீடு கட்ட விடமாட்டோம் என்று கொடி பிடிக்கும் கூட்டத்தில் நாமும் சேரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

புயலையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் எங்கள் மாநிலத்தின் மலைப்பக்கம் உள்ள ஆஷ்வில்லைப் புரட்டிப்போட்டது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஊர். பல வாரங்களுக்குக் குழாயில் குடிதண்ணீர் வரவில்லை. ஃப்ளோரிடாவில் வீட்டு இன்சூரன்ஸ் கட்டி மாளாது. வடக்கிலிருந்து அங்கே போய்விட்டுப் பாதி வழி திரும்பி கரோலினாவில் தங்கியவர்களை இங்கே ‘ஹாஃப்பேக்’ என்கிறார்கள்.

உன்னைப் பாதிக்கப்போவது கார். நீ வந்து தங்கும் மாதங்களில் ஜெர்சி சிட்டியில் தனியாக நடந்து போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவாய். இங்கே பல இடங்களில் நடைபாதையே இருக்காது. மகள் வேலை முடித்து வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வந்த முதல் வருஷம் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கோயிலில்தான் நாலு பேர் பழக்கமானார்கள். கேரி வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு 2022-இல் 87 அடி ராஜகோபுரம் எழுந்தது, நீ இன்னும் பார்க்கவில்லை.

அதனால் மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாக இதைச் சொல். ஷார்லட்டில் ப்ளூ லைன் என்று ஒரு ரயில் 2007-இலிருந்து ஓடுகிறது. 2018-இல் அதைப் பல்கலைக்கழகம் வரை நீட்டினார்கள். அந்தப் பாதைக்கு நடக்கிற தூரத்தில் வீடு பார்க்கச் சொல், கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உடனே வாங்க வேண்டாம், ஒரு வருஷம் வாடகைக்கு இருக்கட்டும். அப்புறம், அவர் இன்னும் ஹெச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறார் என்றால், வேலை செய்யும் ஊர் இவ்வளவு தூரம் மாறும்போது கம்பெனி முன்கூட்டியே திருத்த மனு போட வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் அதே விதிதான். லாரிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முடிக்கச் சொல். பின்னாளில் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் இப்போதே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஷார்லட் எங்களுக்கு இரண்டரை மணி நேரப் பயணம்தான். அவர்கள் வந்து இறங்கும் அன்று சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதை நினைத்துத் தூக்கம் கெடுக்காதே. அண்ணனிடம் விசாரித்ததாகச் சொல். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
மலர்
கேரி, வட கரோலினா