பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு மூட்டு வலி முன்பு போலத்தான் இருக்கிறது. அண்ணன் போன வாரம் வந்துவிட்டுப் போனான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? காலையில் வெறும் வயிற்றோடு உட்காராதே. உனக்கும் உன் அப்பத்தாவைப் போலப் பித்த உடம்பு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ம்" என்கிறாய், நான் "சரிம்மா" என்கிறேன், அதற்குள் அம்மா கையிலிருந்து வாங்கிவிடுகிறாள். 31 வருடம் அடுத்தவர் எழுதியதைப் பையில் சுமந்தவன் நான். மனதில் இருப்பது எனக்குக் காகிதத்தில்தான் வரிசையாக வரும். இதை அஞ்சு ரூபாய்த் தலை ஒட்டிச் சாதாரணத் தபாலில்தான் போடப் போகிறேன். பதிவுத் தபால் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்டில் சேர்ந்துவிட்டது, தெரியுமா? அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொங்கலுக்கு அம்மாவுக்கு நீ அனுப்பிய சேலையும் கூரியரில்தான் வந்தது. நல்ல சேலை. கோயிலுக்கு ஒரே ஒரு முறை கட்டினாள். அதைக் கொண்டு நீயே வந்திருந்தால் இன்னும் நான்கு முறை கட்டியிருப்பாள்.

வியாழக்கிழமை கொத்தனார் வீட்டுப் பெண் வந்திருந்தாள், உன் பக்கத்து பெஞ்சுக்காரி. ஆவணியில் கல்யாணம், பத்திரிகை கொண்டுவந்தாள். குரூப் 4 மூன்று முறை எழுதி, இப்போது தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். பேச்சு மட்டும் பள்ளிக்கூடத்தில் பேசிய அதே பேச்சு, மூச்சே விடுவதில்லை. "மாமா, அவளுடைய ஆட்டோகிராஃப் நோட்டு இருக்கிறதா? நான் என்ன எழுதினேன் என்று பார்க்க வேண்டும்" என்றாள். ஏறவேண்டாம் என்று அம்மா சத்தம் போட்டும் நான் பரணில் ஏறினேன். பச்சை அட்டை போட்ட நோட்டு. ஓரம் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் எழுதியிருந்ததை அவளே சத்தமாகப் படித்தாள். "லட்சியம்: ஏதாவது ஓர் அரசாங்க நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே." அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பார். படித்துவிட்டுச் சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு நான் முழு நோட்டையும் வாசித்தேன். உன்னைக் கேட்காமல் வாசித்தது தவறுதான்.

உங்கள் வகுப்பு பார்த்ததை வேறு எந்த வகுப்பும் பார்த்திருக்காது. 2016 நவம்பரில் ரூபாய் நோட்டுச் செல்லாது என்றார்கள். தபாலாபீஸ் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. டிசம்பர் 5-ஆம் தேதி முதலமைச்சர் இறந்தார். ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். மழை இல்லாத வருடம் வேறு. மார்ச்சில் பரீட்சை. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அந்த மே மாதத்தில்தான் நிறுத்தினார்கள். நல்ல காரியம் என்று உங்கள் விலங்கியல் டீச்சர் சொன்னார்கள். எனக்கு அன்று மனசுக்குள் ஒரு வருத்தம். உன் படம் பேப்பரில் வரும் என்று சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன்.

தீப்பெட்டி ஆபீஸ் ஃபோர்மேன் மகன் நினைவிருக்கிறானா? கடைசி பெஞ்சு. தொப்பி, நட்சத்திரம் எல்லாம் வரைந்து "ஐ.பி.எஸ்." என்று எழுதியிருக்கிறான். இப்போது மணிமுத்தாறு பட்டாலியனில் இரண்டாம் நிலைக் காவலர். லீவில் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தான். ஐ.பி.எஸ். இல்லையே என்று அவனுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. காலையில் ஓடி ஓடி நெஞ்சு அகன்றுவிட்டது.

கடலைமிட்டாய்க் கடைக்காரர் மகள் "தமிழ் டீச்சர்" என்று அழகாக எழுதியிருக்கிறாள். அவளுக்கு 19 வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. படிப்பைத் தொடரவிடுவோம் என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். விடவில்லை. ஆனால் மாலையில் அந்த வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன. பாடம் சொல்லிக்கொண்டே பாகு பதம் பார்க்கிறாள். பி.எட். இல்லை, பதவி இல்லை, பிள்ளைகள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகின்றன. உன் நோட்டில் அவள் இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். "டாக்டரம்மா, என் பிரசவத்தை நீதான் பார்க்க வேண்டும். ஃபீஸ் தர மாட்டேன், கடலைமிட்டாய் தருகிறேன்." அவள் பிள்ளைக்கு இப்போது நாலு வயது.

அப்புறம் அந்த அமைதியான பையன், எட்டையபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவானே, உனக்கு அடுத்த மார்க் வாங்கியவன். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க, அவன் ஒரே வரி எழுதியிருக்கிறான். "லட்சியம்: அம்மா தீப்பெட்டி ஒட்டக் கூடாது." அவ்வளவுதான். டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். அந்த அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள். "வீட்டில் சும்மா இருந்தால் மகன் நினைப்பே வருகிறது" என்கிறாள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பத்திரிகை கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கொத்தனார் மகள் சொன்னாள், நண்பர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருகிறார்களாம், நீ மட்டும் பதில் போடவில்லையாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாயாம். அதோடு, "அவளுடைய கம்பெனியில் நிறையப் பேரை அனுப்பிவிட்டார்களாமே மாமா" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் காதில் விழாதது போல அவளுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டேன். அதைப் பற்றி உன்னிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மாதம் 3-ஆம் தேதி வரும் பணம் இந்த முறை 19-ஆம் தேதி வந்ததையும் அதற்காகச் சொல்லவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, வீட்டு வாடகை இல்லை. உன்னிடம் இருப்பதை நீ வைத்துக்கொள். வெந்நீர் குடி. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருக்காதே. உன் போனில் கடைசியாகப் பார்த்த நேரம் வருகிறதே, அதை நான் பார்க்கிறேன். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடு.

நோட்டின் முதல் இரண்டு பக்கங்கள் ஒட்டியிருக்கின்றன. தானாக ஒட்டிக்கொண்டதில்லை, நாலு ஓரமும் பசை தடவி ஒட்டியது. மற்ற பக்கங்களை வைத்துப் பார்த்தால் அது நீ உன்னைப் பற்றி எழுதிய பக்கமாகத்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து தெரியும். பிடிக்கவில்லை. ஒட்டிய உறையை ஒரு நாளும் நான் பிரித்ததில்லை, பாப்பா. எத்தனையோ வீட்டுக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏன் ஒட்டினாய் என்பதும் தெரியும்.

உயிரியல் 196, இயற்பியல் 194, வேதியியல் 195. கட்-ஆஃப் 195.25. ஒன்பது வருடமாக என் மனதில் இருக்கும் எண் இது. மொத்தம் 1,148. நம் தெருவில் அதுவரை யாரும் ஆயிரத்தைத் தாண்டியதில்லை. முந்தின வருடமாக இருந்தால் மருத்துவ சீட்டுக்கு நம்பி நின்றிருக்கலாம் என்று டீச்சர் சொன்னார்கள். அந்த வருடம்தான் நீட் வந்தது. மே 7-ஆம் தேதி திருநெல்வேலியில், கழற்றச் சொன்ன தோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெயிலில் நின்றேன். வெளியே வந்து, "அப்பா, நான் படித்த புத்தகத்திலிருந்து கேட்கவில்லை" என்றாய். 720-க்கு 187 வந்தது. அரசு விலக்கு வாங்கிவிடும், அவசரச் சட்டம் வந்துவிடும் என்று இரண்டு மாதம் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆடி மாதம் கிண்டிக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங் போய்விட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டியதும் கேட்டாய். "ஒரு வருடம் கோச்சிங் போய் மறுபடி எழுதட்டுமா அப்பா? விலக்கு வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுதிவிடுவேன்." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பணம் இல்லை பாப்பா" என்றேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய்.

பணம் இருந்தது.

என் பெயரில் போட்டிருந்த ஐந்து வருட ஆர்.டி. அந்த ஆனியிலேயே முதிர்ந்துவிட்டது. 1,85,000 ரூபாய். நான் வேலை பார்த்த தபாலாபீஸிலேயே, நானே கட்டிய பணம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆவணியில் அது ஏழு பவுன் ஆனது, அன்று பவுன் 22,000 சொச்சம். உன் கல்யாணத்துக்கு என்று பீரோவில் வைத்தோம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்லாதே, முடிவு என்னுடையது. இரண்டாம் தடவையும் கிடைக்காவிட்டால் நீ தாங்குவாயா என்று பயந்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. பெண் பிள்ளையை ஒரு வருடம் சும்மா வைத்திருக்கிறான் என்று சாத்தூர் வீட்டில் பேசுவார்களே என்று பயந்தேன். பெரியத்தை விஷயத்துக்குப் பிறகு அவர்கள் வாய்க்கு நான் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன். அந்த வாய்க்காக உன்னிடம் பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று சொல்லிவிட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி அரியலூர் குழுமூர் அனிதா இறந்த செய்தி வந்தது. 1,176 வாங்கிய பிள்ளை. நீ விடுதிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். டிவியை அணைத்துவிட்டு உன் அறைக்குள் போனாய். அன்று ராத்திரி உன் கதவுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்தேன். ஏன் இங்கே என்று கேட்டதற்குப் புழுக்கம் என்றேன். அந்த வருடம் நான் உன்னிடம் சொன்ன இரண்டாவது பொய் அது. விடியும்வரை நீ புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கினார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

இன்ஜினீயரிங் படித்ததில் உனக்குக் குறை ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் படித்தாய், நன்றாகத்தான் சம்பாதித்தாய். அண்ணன் கடை திறந்தது உன் பணத்தில். அதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம்கூடச் சொல்வேன். ஆனால் நீ இரண்டு நாள் போனை எடுக்காவிட்டால் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் உன் அறைக் கதவுக்கு வெளியே படுக்க எனக்கு வழி இல்லை.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. கல்யாணத்துக்கு வரப் பிடிக்காவிட்டால் அதற்கு முன்பே வந்துவிட்டுப் போ. யார் கேட்டாலும் லீவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஏழு பவுன் உன்னுடையது. விற்றுப் படிக்க வேண்டும் என்றாலும், ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும் என்றாலும், என்னிடம் காரணம் சொல்ல வேண்டாம். சாத்தூர் வீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

இந்தக் கடிதம் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. சனிக்கிழமை அவள் அண்ணியோடு கழுகுமலைக் கோயிலுக்குப் போகிறாள். காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். நோட்டை உன் மேசை டிராயரில் வைத்துவிட்டேன், ஒட்டிய பக்கம் ஒட்டியபடியே இருக்கிறது.

காலையில் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா