மூண்டாம் கிழமைதான் கவனம்

பிள்ளை,

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கீழ்த்தாடை எலும்பிலை ஆணி இறக்கிப் பல்லு நடுற நாள். இஞ்சை ஸ்காபரோவிலை பொழுதுபடேக்கை உங்கை விடியப்போகுது. அவசரத்துக்குப் போனை நம்பி இருக்க ஏலாது. அதுதான் எழுதிறன். குசினிக் கதவிலை ஒட்டி வை.

கிளினிக்கிலை இருந்து துணியைக் கடிச்சபடிதான் வருவார். ஒரு மணித்தியாலம் அப்பிடியே கடிக்கட்டும். எடுத்து எடுத்துப் பாத்தால் உறையிற ரத்தம் கூடக் கிளம்பி வந்திடும். அண்டைக்கு முழுக்கக் கொப்பளிக்கிறதும் இல்லை, துப்புறதும் இல்லை, ஸ்ரோவிலை உறிஞ்சிறதும் இல்லை. எச்சில் சிவப்பாய் இருக்குதெண்டு பயப்படாதை, ஒரு சொட்டு ரத்தமே வாயெல்லாம் சிவப்பாக்கும். ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் நிமிர்த்தி இருத்தி, சுடுதண்ணியிலை நனைச்சு ஆறவிட்ட தேயிலைப் பையை அந்த இடத்திலை வைச்சு அரை மணித்தியாலம் கடிக்கச் சொல்லு. சாயத்திலை இருக்கிற துவர்ப்பு ரத்தத்தை உறைய வைக்கும். அதுக்கும் நிக்காட்டில் கிளினிக்குக்குப் போன் எடு.

ஊசியின்ரை விறைப்பு விடமுந்தியே முதல் பனடோலைக் குடுத்திடு. 500 மில்லிகிராம் குளிசை ரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேலை போகக் கூடாது. புரூபன், டைக்குளோபினக் மாதிரி மற்ற நோக் குளிசையள் எல்லாம் டொக்டர் எழுதியிருந்தால் மட்டும். இது மாரி, டெங்குக் காலம். காய்ச்சல் குணம் தெரிஞ்சால் எழுதின புரூபனையும் நிப்பாட்டிப் போட்டு டொக்டரைக் கேள்; டெங்கெண்டால் அது ரத்தப்போக்கைக் கூட்டும்.

சொப்பிங் பையிலை ஐஸ் போட்டுத் துவாயாலை சுத்திக் கன்னத்திலை கால் மணித்தியாலம் வை, கால் மணித்தியாலம் எடு. முதல் ரண்டு நாளைக்குத்தான் அதாலை பிரயோசனம். படுக்க ரண்டு தலையணி. வீக்கம் மூண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், பாக்க வாற சனமும் அண்டைக்குத்தான் வந்து "ஐயோ" எண்ணும். நாலாம் நாளிலை இருந்து குறைய வேணும். குறையாமல் கூடினால், நாறினால், சீழ் வடிஞ்சால் காட்டு. காயத்துக்கு மேலை வெள்ளையாய் ஒரு படை தெரியும், அது சீழ் இல்லை, ஆறுற தோல். துணியாலை துடைச்சுப் போடாதை. கராம்பெண்ணெய், மஞ்சள் ஒண்டும் பூசவும் வேண்டாம்.

அடுத்த நாள் காலமையும் கீழ்ச்சொண்டோ நாடியோ விறைச்சபடி கிடந்தால் பின்னேரம் மட்டும் பாத்துக்கொண்டு இராதை. ஆணி நரம்பை அழுத்திறதாய் இருக்கலாம். உடனை கூட்டிக்கொண்டு போ.

சனிக்கிழமையிலை இருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட ஒவ்வொரு தரமும் வாயிலை வைச்சுத் தலையைச் சரிச்சுச் சரிச்சு விட்டுப்போட்டு, துப்பாமல் வாயைத் திறந்து விழவிடட்டும். குளோர்ஹெக்சிடின் எண்ட வாய் கழுவுற மருந்து தந்திருந்தால் பற்பசை போட்டு அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் அது; பசை அதின்ரை வேலையைக் கெடுக்கும். மற்றப் பல்லுகளை மெல்லிய பிரஷ்ஷாலை தீட்டலாம்.

சாப்பாட்டிலைதான் சண்டை வரும். முதல் நாள் ஆறின கஞ்சி, தயிர், இளநீர். பேந்து இடியப்பத்தைச் சொதியிலை ஊறவிட்டுக் குடு, சொதியை வடிச்சு, கடுகு, மிளகாய் விதை இல்லாமல். குழைஞ்ச சோறும் பருப்பும், முள்ளு எடுத்த மீன், அரை அவியல் முட்டை. புட்டு வேண்டாம்: தேங்காய்ப்பூத் துருவல் தையலுக்கை போய்க் கொளுவினால் எடுக்கேலாது, எடுக்கிறன் எண்டு ஈர்க்கு வைச்சுக் குத்துவார். எள்ளுருண்டையும் அப்பிடித்தான். பயத்தம் பணியாரம், புழுக்கொடியல் ரண்டையும் கண்ணிலை காட்டாதை. கூழ் காய்ச்சினால் அவருக்கு நண்டுக் கோதில்லாமல், ஆறவிட்டு, உறைப்பைக் குறைச்சு.

குறையச் சாப்பிட்டுக்கொண்டு சீனி வருத்தக் குளிசையை வழமை போலை போட்டால் சீனி இறங்கிப்போடும். அளவை முன்கூட்டியே கேட்டு வை. வேர்த்துக் கை நடுங்கினால் உடனை சீனி கரைச்ச தண்ணி குடு.

சுருட்டு குறைஞ்சது ரண்டு மாசம் இல்லை. புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும், எலும்புக்குச் சத்துப் போகாது. வெத்திலையோடை சீவலும் இல்லை.

இனி முக்கியமானது. பத்து நாளிலை தையல் எடுத்து, நோவும் போயிடும். கொப்பர் குணம் உனக்குத் தெரியும், "எனக்கு ஒண்டுமில்லை" எண்டு அந்தப் பக்கத்தாலை கடிக்கத் தொடங்குவார். ஆணி முதல் நாள் நிக்கிறது மரையின்ரை இறுக்கத்திலை. பேந்து சுத்தியிருக்கிற பழைய எலும்பு கரைஞ்சு புது எலும்பு வளருது. பழசு போய்ப் புதுசு முழுசாய் வராத மூண்டாம், நாலாம் கிழமையிலைதான் பிடிமானம் ஆகக் குறைவு. அந்த நேரம் ஆணி ஆடினால் எலும்புக்குப் பதிலாய் நார்தான் சுத்தி வளரும், கழட்டி எறிய வேண்டியதுதான். கீழ்த்தாடை எண்டபடியால் மூண்டு மாசம் மற்றப் பக்கத்தாலை மெல்லட்டும்.

புதுப் பரிசோதனை எண்டு முணுமுணுத்தால், 1965இலை சுவீடனிலை பிரோனெமார்க் எண்ட டொக்டர் முதல் ஆளுக்கு வைச்ச ஆணியள் அந்த மனிசன் சாகுமட்டும், நாப்பது வரியத்துக்கு மேலை இருந்ததெண்டு சொல்லு.

முரசுக்கு மேலை சட்டைப் பித்தான் மாதிரிச் வெள்ளி நிறத்திலை ஆணியின்ரை சின்ன மூடி ஒண்டு தெரியும். அது லூசானால் கையாலை திருகாதை. கழண்டு விழுந்தால் ஒரு டப்பியிலை போட்டு அண்டைக்கே கொண்டு போ. ஒண்டு ரண்டு நாளிலை முரசு மூடத் தொடங்கிடும். கழட்டிப் போடுற பழைய பல்லை டொக்டர் உரசிச் சரிப்பண்ணித் தருமட்டும் அலுமாரி மேல்தட்டிலை ஒளிச்சு வை. கலியாண வீடெண்டு கேட்டாலும் எடுத்துக் குடாதை.

அம்மா